பிசிவி 37, பிரிண்ட்ல ‘நார்மல்’: முந்திரி உடைக்கிற ஒரு அம்மாவுக்கு வந்த டெங்கு ஷாக், நிகழ்வு ஆய்வு

டெங்குல ஆள சாய்க்கறது பிளேட்லெட் குறையறது இல்ல, ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியறதுதான்னு எத்தன தடவ சொன்னாலும், நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு காய்ச்சல் சீசன் ஆரம்பிச்சுட்டா எல்லார் வாயிலயும் ஒரே கேள்விதான், பிளேட்லெட் எவ்ளோ இருக்கு? வீட்ல கேக்கறாங்க, மெடிக்கல் ஷாப்ல கேக்கறாங்க, பேஷன்ட்ட அனுப்பி வைக்கிற டாக்டருங்களும் சீட்டுல பெரும்பாலும் அத மட்டும்தான் எழுதறாங்க. இந்த கேஸ எழுதணும்னு நெனச்சதுக்குக் காரணம் அந்த சீட்டுல எழுதாம விட்ட இன்னொரு நம்பர், பிசிவி, அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்ங்கறது. ஒரு தடவ லேப் பிரிண்ட்லயே நார்மல்னு வந்துச்சு, இன்னொரு தடவ அந்தம்மாவோட பழைய அளவுக்கே எறங்கி வந்துச்சு, ரெண்டு தடவையும் அவங்க ஷாக்ல, அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் பத்தாத நெலமையில, இருந்தாங்க.

அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், அடையாளம் தெரியாத மாதிரி சில விவரத்த மாத்தியிருக்கேன், ஆஸ்பத்திரி, கிளினிக் பேரு எதுவும் வேணாம்னு விட்டுட்டேன்.

வயசு 36, எடை 52 கிலோ, பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம், முந்திரி உடைக்கிற வேலை, வீட்டுக்காரர் கொத்தனார், ரெண்டு பிள்ளைங்க. சர்க்கரை, பிரஷர் எதுவும் கெடையாது. திங்கக்கிழமை சாயங்காலம் திடீர்னு குளிர்ஜுரம், இடுப்பெல்லாம் வலி, கண்ண உருட்டுனா உள்ளுக்குள்ள வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. மொத நாள் மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை. ரெண்டாம் நாள் பக்கத்துல ஒரு கிளினிக்ல வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, ஒரு பாட்டில் டிரிப். மூணாம் நாள் காய்ச்சல் நிக்கலன்னு ரத்தம் டெஸ்ட் பண்ணதுல டெங்கு என்எஸ்1 (வைரஸோட ஒரு புரதம்) கார்டு பாசிடிவ், வெள்ளணு 2,900, பிளேட்லெட் 1,12,000, பிசிவி 33. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு பயப்பட வேணாம்னு சொல்லி பாரசிட்டமால் எழுதிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாலாம் நாள் பப்பாளி இலைச் சாறு, நெலவேம்புக் கஷாயம், ரெண்டும் வாந்தியா வந்துடுச்சு. அஞ்சாம் நாள் வெள்ளிக்கிழமை காலைல காய்ச்சல் விட்டுடுச்சு. வீட்ல எல்லாருக்கும் நிம்மதி, ஆனா அவங்களுக்கு மட்டும் வயித்து வலி, எழுந்து நின்னா கண்ணு இருட்டுது, ராத்திரியில இருந்து ஒண்ணுக்குப் போகல. அண்ணன்காரர்தான் ஏதோ சரியில்லன்னு ஆட்டோ வச்சு கடலூருக்குக் கூட்டிட்டு வந்தாரு.

வந்தப்ப மத்தியானம் ஒரு மணி இருக்கும். நல்லா பேசறாங்க, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றாங்க, இதுதான் டெங்கு ஷாக்ல ஏமாத்தற விஷயம், மூளைக்கு ரத்தம் போற வரைக்கும் ஆளு தெளிவாதான் இருப்பாங்க. டெம்பரேச்சர் 98.4, பல்ஸ் 118, பிபி 94/76. மேல இருக்கற 94-ஐ மட்டும் பாத்தா பொம்பளைங்களுக்கு சாதாரணமா இருக்கற லோ பிபிதானேன்னு விட்டுடுவோம், ஆனா மேலயும் கீழயும் உள்ள வித்தியாசம் 18 தான், அது 20-ஓ அதுக்குக் கீழயோ வந்தா ஷாக்னுதான் கணக்கு. கை சில்லுன்னு இருந்துச்சு. நகத்த அழுத்தி விட்டா எவ்ளோ நேரத்துல செவப்பு திரும்புதுன்னு பாக்கணும், அது இவங்க கையில முடியல, முந்திரிக்கொட்டை எண்ணெய் ஏறி ஏறி பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நகத்தோட கருப்பா, தோல் வெடிச்சு இருந்துச்சு. அதனால கால் பெருவிரல்லயும் நெஞ்செலும்பு மேலயும் அழுத்திப் பாத்தோம், கால்ல நாலு செகண்டுக்கு மேல ஆச்சு. அந்தப் பக்கத்துல வேலை பாக்கற டாக்டர், நர்ஸ் எல்லாரும் இத மனசுல வச்சுக்கங்க, கையில பாக்க முடியலன்னு அந்த டெஸ்ட்டையே விட்டுடாதீங்க.

ஊசி போட்ட எடத்துல உள்ளங்கை அகலத்துக்கு கருநீலமா ரத்தம் கட்டியிருந்துச்சு. கல்லீரல் ரெண்டு விரக்கட வீக்கம், தொட்டாலே வலி. வலது பக்க நுரையீரலுக்குக் கீழ மூச்சு சத்தம் கம்மி. ஸ்கேன்ல பித்தப்பை சுவரு வீங்கி இருக்கு, வலது பக்கம் நுரையீரல சுத்தி கொஞ்சம் நீர், அடிவயித்துலயும் நீர். ரத்த ஓட்டம் பத்தாதப்ப ஏறற லேக்டேட் 3.8, கல்லீரல் என்சைம்ல ஏஎஸ்டி 410, ஏஎல்டி 180. பிளேட்லெட் 34,000. பிசிவி 37.

இந்த 37 பக்கத்துல லேப் பிரிண்ட்ல 36-ல இருந்து 46 வரைக்கும் நார்மல்னு போட்டிருந்துச்சு. டியூட்டில இருந்த ஜூனியர் டாக்டரும் அதையேதான் சொன்னாங்க, பிசிவி ஏறலயே சார், கசிவு பெருசா இல்ல போலன்னு. ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்ங்கறதுதான் பிசிவி, குழம்புல தண்ணி சுண்டுனா காரம் ஏறற மாதிரி பிளாஸ்மா வெளிய கசிஞ்சா இந்த சதவீதம் ஏறும், அவங்கவங்க சாதாரண அளவுல இருந்து 20 சதவீதம் ஏறுனா கசிவு பலமா இருக்குன்னு அர்த்தம். இங்க முக்கியமான வார்த்த ‘அவங்கவங்க’. நம்ம ஊரு பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை, அதுவும் நாள் முழுக்க உக்காந்து கொட்டை உடைச்சு காலையில டீ வறுக்கியோட ஓட்றவங்களுக்கு பிசிவி 37 எங்க இருந்து வரும்? அண்ணன்கிட்ட பழைய டெஸ்ட் ரிப்போர்ட் ஏதாவது இருக்கான்னு கேட்டேன். அவரு வீட்டுக்கு ஃபோன் போட்டு, பொண்ணு பீரோவுல தேடி, ஒரு மெடிக்கல் கேம்ப்ல எடுத்த சீட்ட வாட்ஸாப்ல அனுப்புனா. ஹீமோகுளோபின் 9.1, பிசிவி 28.

28-ல இருந்து 37. 32 சதவீதம் ஏத்தம். மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்புனப்ப இருந்த 33 கூட 18 சதவீதம் ஏறுனதுதான், பிளேட்லெட் லட்சத்துக்கு மேல இருந்ததால யாரும் அத பாக்கல.

டெங்குன்னு கார்டு பாசிடிவா இருந்தாலும் வேற எதுவும் கூட இருக்கான்னு யோசிக்காம இருக்க முடியாது. கடலூர், புதுச்சேரி பக்கம் மழைக்கு அப்புறம் ஸ்க்ரப் டைஃபஸ் நெறைய வருது, புதர்ல இருக்கற சின்னப் பூச்சி கடிச்சு வர்றது, முந்திரித் தோப்புக்குள்ள சருகு கூட்டறவங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அதுலயும் பிளேட்லெட் குறையும், கல்லீரல் வீங்கும், நீர் கோக்கும். பூச்சி கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருக்கும், அது அக்குள், மார்புக்குக் கீழ, தொடை இடுக்குன்னு மறைவான எடத்துலதான் இருக்கும், சிஸ்டர் திரைய இழுத்து விட்டு முழுசா பாத்தாங்க, இல்ல. இருந்தாலும் ரிசல்ட் வர்ற வரைக்கும் டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சுட்டோம், அது மலிவான மருந்து, தாமதிச்சா உயிருக்கு ஆபத்து, அப்புறம் ஸ்க்ரப் ஐஜிஎம் (புதுசா வந்த தொற்றுக்கு உடம்பு மொதல்ல உண்டாக்கற ஆன்டிபாடி) நெகடிவ்னு வந்ததும் நிறுத்துனோம். மலேரியாவுக்கு ஸ்மியர் (ரத்தத்த கண்ணாடியில தடவிப் பாக்கற டெஸ்ட்), வயல் வேலைக்குப் போவாங்களான்னு கேட்டு எலிக்காய்ச்சலுக்கும் டெஸ்ட், ரெண்டும் இல்ல.

ரத்தக்கசிவுக் காய்ச்சல்னு ஒரு பேஷன்ட் வந்தா கேக்க வேண்டிய இன்னும் சில கேள்வி இருக்கு, நம்ம பக்கம் அத யாரும் கேக்கறதில்ல. மூணு வாரத்துக்குள்ள எங்கயாவது போனீங்களா, காட்டுல உண்ணி கடிச்சுதா, மாடு ஆடு அறுக்கற வேலை உண்டா, வீட்ல வேற யாராவது இதே மாதிரி செத்தாங்களா. கியாசனூர் காட்டுக் காய்ச்சல் 1957-ல கர்நாடகா ஷிமோகா மாவட்டத்துல குரங்குங்க செத்து விழுந்தப்பதான் தெரிய வந்துச்சு, உண்ணி மூலமா பரவறது, இன்னைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்துல இருக்கு, இங்க இருந்து காப்பி எஸ்டேட் வேலைக்குப் போய் வர்றவங்களும் உண்டு. கிரிமியன் காங்கோ காய்ச்சல் 2011 ஜனவரில குஜராத்ல மொத தடவையா உறுதியாச்சு, அந்த பேஷன்ட்டுக்கு வைத்தியம் பாத்த டாக்டரும் நர்ஸும் அதே நோய்ல இறந்து போனாங்க. அது ஒரு மனுஷன்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ரத்தம் மூலமா பரவும், டெங்கு அப்படி சாதாரணமா பரவாது. அதனால கேள்விய மொதல்ல கேட்டுட்டு கிளவுஸ், மாஸ்க் போட்டு ரத்தம் எடுக்கறது நம்ம உயிருக்கும் நல்லது. அந்த மாதிரி சந்தேகம் வந்தா சாம்பிள நம்ம லேப்ல தொறக்கக்கூட கூடாது, மாவட்ட சுகாதார அதிகாரிகிட்ட சொல்லி புனே வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பணும், அங்க உச்சபட்ச பாதுகாப்பு உள்ள நாலாம் நிலை ஆய்வகம் இருக்கு. இந்தம்மா கடலூர் மாவட்டத்த விட்டு எங்கயும் போகல, கடைசியா போனது மஞ்சக்குப்பத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு.

  

சிகிச்சைக்கு வருவோம். ரிங்கர் லேக்டேட்ங்கற உப்புக்கரைசல் டிரிப் கிலோவுக்கு 10 மில்லி, அதாவது 520 மில்லி, மொத ஒரு மணி நேரத்துல. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளயே வெளிய உறவுக்காரங்க ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க, பாண்டிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம், அங்க பெரிய ஆஸ்பத்திரியில பிளேட்லெட் ஏத்துவாங்கன்னு. கடலூர்க்காரங்களுக்கு இது இயல்பு, ஆபத்துன்னா பாண்டி, அதுல தப்பே இல்ல, ஜிப்மர் எத்தன உயிர காப்பாத்தியிருக்கு. ஆனா ஷாக்ல இருக்கற ஆள டிரிப் சரியா ஓடாத ஆம்புலன்ஸ்ல முக்கா மணி நேரம் கொண்டு போனா போய்ச் சேர்றப்ப நெலம என்ன ஆகும்? அண்ணன்கிட்ட சொன்னேன், ஒரு மணி நேரம் குடுங்க, பிபி பிடிபட்டா இங்கயே பாப்போம், பிடிபடலன்னா நானே கூட ஆள் அனுப்பி ஏத்தி விடறேன்னு. அவரு ஒத்துக்கிட்டாரு. ‘சார், பிளேட்லெட் மட்டும் ஏத்திடுங்க, எவ்ளோ செலவானாலும் பரவால்ல’ன்னாரு.

ரெண்டு மணிக்கு பல்ஸ் 104, பிபி 100/72, கால் கொஞ்சம் கதகதப்பாச்சு, பிசிவி 34. கிலோவுக்கு 7 மில்லியா கொறச்சோம், அப்புறம் 5. நாலு மணிக்கு 80 மில்லி ஒண்ணுக்குப் போச்சு, நாங்க எல்லாரும் மூச்சு விட்டோம்.

ஆறு மணிக்கு பல்ஸ் 130. பிபி 90/74. பிசிவி 29. இங்கதான் ரெண்டாவது ஏமாத்து. பழைய அளவு 28, இப்ப 29, அப்ப கசிவு நின்னுடுச்சுன்னு ஒரு கணக்கு போடலாம், பாக்கறதுக்கு சரியாவே இருக்கும். ஆனா பிசிவி எறங்கறப்ப பேஷன்ட் தேறணும். பிசிவி எறங்குது, பேஷன்ட்டும் எறங்கறாங்கன்னா எங்கயோ ரத்தம் போகுதுன்னு அர்த்தம். வாந்தியில ரத்தம் இல்ல, மலம் கருப்பா போகல. சிஸ்டர் பக்கத்துல உக்காந்து மெதுவா கேட்டாங்க, ‘யக்கா, வீட்டுக்குத் தூரமா?’ ஆமாவாம். நாளுக்கு பத்து நாள் முன்னாடியே நேத்து ராத்திரி வந்துடுச்சாம், கட்டி கட்டியா போகுதாம், புடவைத் துணிய மடிச்சு வச்சு நாலஞ்சு தடவ மாத்தியிருக்காங்க. ஏன்க்கா சொல்லலன்னு கேட்டதுக்கு, ‘காய்ச்சலுக்குத்தானே வந்தோம், ஆம்பள டாக்டருகிட்ட இத எப்புடி சொல்றது’ன்னாங்க.

டெங்கு வந்த பொம்பளைங்ககிட்ட வாசல்லயே கேக்க வேண்டிய கேள்வி இது. கேஸ் ஷீட்ல மாதவிடாய்க்குன்னு ஒரு கோடு இருக்கும், காய்ச்சல் கேஸ்ல அது பெரும்பாலும் காலியா கெடக்கும். அதுக்கு அப்புறம் எங்க வார்டுல சீசன் முழுக்க அந்தக் கோட்ட சிஸ்டருங்கதான் கேட்டு நிரப்பறாங்க.

பேக்ட் செல், அதாவது பிரிச்செடுத்த சிவப்பணு, ஒரு யூனிட் ஏத்துனோம், அண்ணனோட ரத்தம் பதிலுக்குக் குடுத்தாங்க. மாதவிடாய நிறுத்த நாரெத்திஸ்டீரோன் மாத்திரை ஆரம்பிச்சோம். எட்டு மணிக்கு பிபி 98/70, பிசிவி 31. இன்னும் போக்கு நிக்கல, ரெண்டாவது யூனிட். ராத்திரி 12 மணிக்கு பல்ஸ் 100, பிபி 106/70, பிசிவி 34, ஒண்ணுக்கு மணிக்கு 40 மில்லி.

பிளேட்லெட் அடுத்த நாள் காலையில 11,000. வெளிய ஒரே சத்தம். ஊர்ல இருந்து ஏழெட்டு பசங்க பைக்ல வந்து ரத்தம் குடுக்க ரெடியா நிக்கறாங்க, அவங்க பாசத்த பாக்கறப்ப வேணாம்னு சொல்லவே மனசு வரல, ஆனா சொல்லணும். டெங்குல ஏத்தற பிளேட்லெட் சில மணி நேரத்துல அழிஞ்சுடும், உடம்பு தன்னோட பிளேட்லெட்ட அழிக்கற அதே வேகத்துல வெளிய இருந்து வந்ததையும் அழிக்கும். 2017-ல சிங்கப்பூர், மலேசியாவுல பெரியவங்கள வச்சு பண்ண ஆய்வுல, 20,000-க்குக் கீழ இருந்து பெருசா ரத்தம் போகாதவங்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏத்துனதால ரத்தப்போக்கு குறையல, ஒவ்வாமை, நெஞ்சுல நீர் மாதிரி தொல்லைதான் கூடுச்சு. இந்தம்மாவுக்கு ரத்தம் போச்சு, அதனால நாங்க சிவப்பணு ஏத்துனோம், அதுக்கும் நிக்கலன்னா அடுத்து பிளேட்லெட்டுன்னு பை சொல்லி வச்சிருந்தோம். தேவைப்படல. போக்கு அன்னைக்கு மத்தியானமே கொறஞ்சுது. பசங்ககிட்ட சொன்னேன், ரத்த வங்கிக்குப் போய் குடுங்க, இந்த அக்காவுக்கு ஏத்துன மாதிரி இன்னொருத்தருக்கு வேணும்னு. மூணு பேரு போய் குடுத்துட்டு வந்தாங்க.

ஏன் கசியுது, ஏன் ரெண்டு நாள்ல தானா நிக்குது? ரத்தக்குழாய் உள்பக்கம் சர்க்கரையும் புரதமும் சேந்த மெல்லிய பூச்சு ஒண்ணு இருக்கு. நம்ம டெஸ்ட் கார்டுல பாக்கற அதே என்எஸ்1 புரதம் அந்தப் பூச்ச அரிக்க வைக்குதுன்னு 2015-க்கு அப்புறம் வந்த ஆய்வுங்க காட்டுச்சு, அதோட நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி கொட்டற ரசாயனமும் சேந்துக்குது. குழாய் கிழியறதில்ல, அதனாலதான் 24-ல இருந்து 48 மணி நேரத்துல பூச்சு திரும்ப படிஞ்சு கசிவு நின்னுடுது. நாம பண்ற வைத்தியம் எல்லாம் அந்த 48 மணி நேரத்த உயிரோட கடக்க வைக்கிறதுதான், வைரஸ கொல்ற மருந்து டெங்குக்கு இன்னும் வரல. எபோலாவுக்குக்கூட காங்கோவுல நடந்த ஆய்வு மூலமா ரெண்டு ஆன்டிபாடி மருந்து வந்து 2020-ல அமெரிக்காவுல அனுமதி ஆயிடுச்சு, வருஷா வருஷம் நம்ம வார்ட நிரப்பற நோய்க்கு நாம இன்னும் டிரிப் பாட்டிலையும் பிசிவி டியூபையும்தான் நம்பியிருக்கோம். அத ஒழுங்கா பண்ணா சாவு ஒரு சதவீதத்துக்கும் கீழ வந்துடுது, அதுதான் ஆறுதல்.

இவங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ கடுமையா வந்துச்சுன்னா, ஆறாம் நாள் எடுத்த எலைசா ரத்த டெஸ்ட்ல ஐஜிஎம் பாசிடிவ், பின்னாடி உண்டாகி நீடிக்கற ஆன்டிபாடியான ஐஜிஜி அத விட ரொம்ப ஜாஸ்தி. மொத தடவ டெங்கு வர்றவங்களுக்கு அவ்ளோ சீக்கிரம் ஐஜிஜி அப்படி ஏறாது, இது ரெண்டாவது தடவ. கேட்டப்ப ஞாபகம் வந்து சொன்னாங்க, தானே புயல் அடிச்சு முந்திரி, பலா எல்லாம் சாஞ்சு கெடந்துச்சே, அதுக்கு அடுத்த வருஷம் ஊரே காய்ச்சல்ல படுத்துச்சு, நானும் படுத்தேன்னு. தானே வந்தது 2011 டிசம்பர் 30, அடுத்த வருஷம் 2012-ல தமிழ்நாட்டுல 12,000 பேருக்கு மேல டெங்கு. டெங்கு வைரஸ் நாலு வகை, ஒரு வகை வந்தா அதுக்கு மட்டும்தான் ஆயுசுக்கும் பாதுகாப்பு, வேற வகை வந்தா பழைய ஆன்டிபாடி அத அழிக்காம ஒட்டிக்கிட்டு செல்லுக்குள்ள இழுத்து விட்டுடும். கியூபாவுல 1977-ல மொத வகை வந்துச்சு, 1981-ல ரெண்டாவது வகை வந்தப்ப நெறைய பேருக்கு ஷாக், 1997-ல சாந்தியாகோல அதே ரெண்டாவது வகை திரும்ப வந்தப்ப, மொத தொற்றுக்கும் ரெண்டாவதுக்கும் இருபது வருஷ இடைவெளி உள்ளவங்களுக்கு இன்னும் கடுமையா இருந்துச்சு. தடுப்பூசி விஷயத்துலயும் இதேதான் சிக்கல், முன்னாடி டெங்கு வராத பிள்ளைங்களுக்கு ஒரு தடுப்பூசி போட்டு பின்னாடி அவங்களுக்கு டெங்கு வந்தா கடுமையாகுதுன்னு 2017-ல அந்தக் கம்பெனியே சொல்ல வேண்டியதாச்சு. நம்ம நாட்டுல தயாராகற ‘டெங்கிஆல்’ தடுப்பூசிக்கு 2024 ஆகஸ்ட்ல மூணாம் கட்ட சோதனை ஆரம்பிச்சுது, பத்தாயிரத்து சொச்சம் பேரு, அதோட முடிவ நான் ஆவலா எதிர்பாக்கறேன்.

ஏழாம் நாள் பெரிய ஆபத்து தாண்டியாச்சுன்னு நெனக்கறப்பதான் மூணாவது பொறி. ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுன்னாங்க. வெளிய கசிஞ்ச நீரெல்லாம் இப்ப குழாய்க்குள்ள திரும்ப வருது, அந்த நேரத்துல டிரிப்பும் ஓடுனா நுரையீரல்ல போய்த் தேங்கும். பசி வந்தாச்சு, ஒண்ணுக்கு தாராளமா போகுது, பல்ஸ் 58-க்கு எறங்கியிருக்கு, உள்ளங்கையும் காலும் அரிக்குது, கால்ல செவசெவன்னு தடிப்பு, நடுநடுவுல வெள்ளைத் திட்டு, இதெல்லாம் டெங்கு திரும்பிப் போற அடையாளம். டிரிப்ப முழுசா நிறுத்தி நீர ஒண்ணுக்கு வழியா வெளியேத்தற ஃபுரோசிமைடு 20 மில்லிகிராம் ஒரு ஊசி, தலைமாட்ட தூக்கி வச்சு ஆக்சிஜன், விடியறதுக்குள்ள படுத்துத் தூங்கிட்டாங்க. சாப்பிட மாட்டேங்கறா ஒரு பாட்டில் குளுக்கோஸாவது போடுங்கன்னு கெஞ்சற சொந்தக்காரங்களுக்காக இந்த ஏழாம் நாள் பாட்டில் நெறைய ஆஸ்பத்திரியில ஓடுது, அத நிறுத்தற தைரியம் ஆரம்பிக்கற தைரியத்த விட முக்கியம்னு நான் நெனைக்கறேன்.

பிளேட்லெட் 18,000, அடுத்து 46,000, பத்தாம் நாள் வீட்டுக்குப் போறப்ப 98,000. நடுவுல நாங்க ஒரு பை பிளேட்லெட்கூட ஏத்தல.

பப்பாளி இலை பத்தி நெறைய பேரு கேப்பீங்க. பிளேட்லெட் கொஞ்சம் சீக்கிரம் ஏறுதுன்னு சின்னச் சின்ன ஆய்வு இருக்கு, உயிர் காப்பாத்துச்சுன்னு இல்ல. என்னோட வருத்தம் வேற, அந்தக் கசப்ப குடிச்சு வாந்தி எடுக்கறப்ப அது சாறால வந்த வாந்தியா, இல்ல டெங்கோட எச்சரிக்கை வாந்தியான்னு யாருக்கும் தெரியாம போயிடுது. நெலவேம்பு குடிக்கறவங்க குடிங்க, ஆனா அது கூட கஞ்சி, மோரு, இளநி, உப்புசர்க்கரைக் கரைசல் உள்ள போகணும், வலிக்குன்னு பாரசிட்டமால் தவிர வேற மாத்திரை ஊசி கூடவே கூடாது.

தகவல் குடுத்த அடுத்த நாளே அந்த கிராமத்துக்கு சுகாதார ஆய்வாளரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளருங்களும் போனாங்க. குடிதண்ணி டிரம் எல்லாத்தையும் மூடிதான் வச்சிருந்திருக்காங்க, கொசுப்புழுவ கொல்ற அபேட் மருந்தும் ஊத்தியிருந்துச்சு. புழு இருந்தது கொல்லையில, மிக்சி வாங்குனதுல இருந்து கவுத்துப் போடாம கெடந்த ஆட்டுக்கல்லுல. ஒரு கைப்பிடி மழத்தண்ணி, அதுல டார்ச் அடிச்சதும் நெளிஞ்சு நெளிஞ்சு அடிக்குப் போகுதாம். கொட்டை உடைக்கிற கொட்டகையும் அதே கொல்லையிலதான், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஏழெட்டு பொம்பளைங்க மடக்குன காலோட ஒரே எடத்துல உக்காந்திருப்பாங்க, டெங்குவ பரப்பற ஏடிஸ் கொசு கடிக்கறதும் பகல்லதான். தண்ணிய கொட்டுனா மட்டும் போதாது, கல்லோட பக்கத்துல ஒட்டியிருக்கற முட்டை காஞ்சு மாசக்கணக்கா உயிரோட கெடக்கும், தேங்கா நார் வச்சுத் தேச்சுக் கழுவணும்னு அவங்களுக்கு செஞ்சு காட்டியிருக்காங்க. புதுச்சேரி இந்திரா நகர்ல இருக்கற ஐசிஎம்ஆர் கொசு ஆராய்ச்சி மையம், விசிஆர்சின்னு சொல்வோமே, அங்க வோல்பேக்கியான்னு ஒரு பாக்டீரியாவ ஏடிஸ் கொசுவுக்குள்ள குடியேத்தி வளத்திருக்காங்க, ஆஸ்திரேலியா மோனாஷ் பல்கலைக்கழகத்துல இருந்து முட்டை கொண்டு வந்து நம்ம ஊரு கொசுவோட சேத்தது, 2022-ல அறிவிச்சாங்க. அந்தக் கொசு உடம்புல டெங்கு வைரஸ் சரியா வளராது. அது வெளிய விடற அளவுக்கு வர்ற வரைக்கும் ஆட்டுக்கல்ல கவுக்கறதுதான் நம்ம கையில இருக்கு.

கொட்டகையில வேலை பாத்தவங்கள்ல இன்னும் ரெண்டு பேருக்கு அந்த வாரமே காய்ச்சல் வந்துச்சு, ரெண்டு பேருக்கும் லேசா போயிடுச்சு. அவங்க பெரிய பொண்ணுக்கும் வந்துச்சு, பீரோவுல சீட்டு தேடி அனுப்புன அதே பொண்ணு, பதினொண்ணாவது படிக்கறா. மொத நாளே கூட்டிட்டு வந்துட்டாங்க. பிளேட்லெட் பாக்கறதுக்கு முன்னாடியே மாமாகாரர் கேட்டாரு, ‘சார், இவளுக்கு பிசிவி எவ்ளோ?’ 33. அத அவ நோட்டு மொதப் பக்கத்துல தேதி போட்டு எழுதிக் குடுத்தோம், தெனமும் காலையில ஒரு தடவ பாத்தோம், நாலாம் நாள் 36 வரைக்கும் போயி அங்கயே நின்னு எறங்குச்சு, வயித்து வலி, வாந்தி எதுவும் இல்ல, வீட்லயே கஞ்சி, மோரு குடிச்சுத் தேறிட்டா. ஆறு வாரம் கழிச்சு அம்மாவ வர சொல்லி பாத்தப்ப, ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துன பின்னாடியும் ஹீமோகுளோபின் 10.2, பிசிவி 31 தான். இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை எழுதிக் குடுத்து, கர்ப்பப்பை ஸ்கேனுக்கும் சொல்லியிருக்கோம், அந்த ரிப்போர்ட் அடுத்த மாசம் வருது.